ஆயா வராத புதன்கிழமை

ஒரு குழந்தையின் உயிர் என் வலதுகைக் கட்டைவிரலின் கீழ் இருந்தது. நான் அந்தக் குழந்தையைக் கொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அவர் எப்படித் தடுத்தார் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதை எங்கள் சபையில் ஒருமுறை எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். ஆனால் பாதிதான் சொன்னேன். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். மீதிப் பாதிக்கு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்ற பயத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாதியையும் சேர்த்து இப்போது வைக்கிறேன்.

குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்த பிறகு, தொண்ணூற்று ஒன்றில், ரத்த நோய்களுக்கும் ரத்தப் புற்றுநோய்க்குமான சிறப்புப் பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்தது. மூன்று வருடம். நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சிட்லபாக்கத்தில் வீடு, காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடம் கிடைத்ததற்குச் சபையில் நன்றி ஜெபம் வைத்துக் கேசரி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்று கேசரி சாப்பிட்ட யாருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பயிற்சியில் எலும்பு மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் கெட்ட அணுக்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதுகுத்தண்டுக்குள் ஊசியை இறக்கி மருந்து செலுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் சொல்லிச் சொல்லியே கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் மோசமாகத்தான் சொன்னேன்.

எங்கள் பேராசிரியர் அதிகம் பேசமாட்டார். முதல் நாள் எங்களை உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். இந்தக் குழந்தைகளுக்கு இரண்டு மருந்துகள் போடுகிறோம். ஒன்று கையில், ரத்தக்குழாயில் போடுவது. தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். இன்னொன்று முதுகுத்தண்டில் போடுவது, மஞ்சள். கையில் போடவேண்டியதை மறந்துபோய் முதுகில் போட்டால் திரும்ப எடுக்க வழியே கிடையாது. முதலில் கால் போகும், பிறகு கை, பிறகு மூச்சு. கடைசி வரைக்கும் குழந்தைக்கு நினைவு இருக்கும். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பண்ணினார்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதல் வருடம் நான் நிறைய ஜெபித்தேன். குணமாக்கும் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டேன். பிள்ளைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். பிறகு, வலியில்லாமல் கூட்டிக்கொள்ளும் என்று கேட்டேன். அதுவும் நடக்கவில்லை. இரண்டாம் வருடம் ஒரே வாரத்தில் மூன்று கட்டில்கள் காலியாயின. அதற்குப் பிறகு என் ஜெபம் ஒரு வரியாகச் சுருங்கிப்போனது. "என் கையால் மட்டும் வேண்டாம், ஆண்டவரே." ரயிலில் பல்லாவரம் தாண்டும்போது தினமும் இதைச் சொல்வேன். ஒரு டாக்டர் கேட்கிற ஜெபமா இது என்று எனக்கே வெட்கமாக இருக்கும். வேறு எதையும் கேட்கத் தெம்பில்லை.

அந்த வருடம்தான் நான் ஒரு சட்டமும் கொண்டுவந்தேன். முதுகில் ஊசி போடும்போது குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலும் தலையும் சேரும்படி வளைத்துப் பிடிக்கவேண்டும். ஆள் பற்றாக்குறையால் அதை அம்மாக்களே செய்துவந்தார்கள். நான் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அம்மா எதிரே குனிந்து பிடித்திருப்பாள். அம்மாக்கள் அழுவார்கள். கேள்வி கேட்பார்கள். "மெதுவா டாக்டரம்மா" என்பார்கள். எனக்கு எரிச்சல். அம்மாக்கள் எல்லோரும் வெளியே இருக்கட்டும், வார்டு ஆயா பிடிக்கட்டும் என்று பேராசிரியரிடம் பிடிவாதம் பிடித்தேன்.  "உன் இஷ்டம்மா," என்றார்.

தொண்ணூற்று இரண்டு நவம்பர். புதன்கிழமை ஊசி போடும் நாள். முந்தின நாளிலிருந்து விடாத மழை. குரோம்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் வெகு நேரம் நகரவே இல்லை. அந்த நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வழக்கமான ஒரு வரியைச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் கேட்டேன். "ஆயா மட்டும் எப்படியாவது வந்திருக்கணும், ஆண்டவரே. இன்னிக்கு அம்மாக்களோட மல்லுக்கட்ட என்னால முடியாது." சத்தியமாகக் கேட்டேன்.

ஆயா வரவில்லை. வழக்கமாக ஊசி எடுத்துக் கொடுக்கும் சிஸ்டரும் வரவில்லை. அந்த வார்டுக்குப் புதிதான ஒரு சிஸ்டர் நின்றிருந்தார். ஆண்டவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முதல் குழந்தை ரெஹானா. ஏழு வயது. கீழ்க்கட்டளையில் வீடு. அப்பா பஷீர் தையல்காரர். அம்மா நூர்ஜஹான் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். ரெஹானாவுக்கு அன்று இரண்டு மருந்தும் போடவேண்டும். வழக்கமாக ஒவ்வொரு ஊசியின் மேலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி மருந்தின் பெயரை எழுதிவைப்போம். "பிளாஸ்டர் தீந்துபோச்சு டாக்டர், ஸ்டோர்ல போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்று புது சிஸ்டர் கேட்டார். ஏற்கெனவே நேரமாகிவிட்டது. "ரெண்டே ஊசிதானே சிஸ்டர், பரவால்ல," என்று சொன்னது நான். இதைத்தான் சபையில் நான் சொல்லவில்லை.

நூர்ஜஹானை வேண்டாவெறுப்பாக உள்ளே கூப்பிட்டேன். என் சட்டத்துக்கு முன்பு பலமுறை பிடித்துப் பழகியவர்தான், மகளை வளைத்துப் பிடித்தார். ரெஹானாவுக்கு ஒரு பழக்கம், ஊசி முடியும் வரை வாய்விட்டு எண்ணுவாள். எண்ண ஆரம்பித்தாள். முதுகில் ஊசி சரியாக இறங்கித் தண்டுவட நீர் சொட்டியது. அந்த நேரத்தில் ஊசிமுனை அசையாமலிருக்க அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பார்க்காமலேயே கையை நீட்டினேன். சிஸ்டர் மருந்தை என் உள்ளங்கையில் வைத்தார். பொருத்தினேன். கட்டைவிரலை வைத்தேன்.

"இன்னா டாக்டரம்மா, இது வெள்ளையா கீது?"

"பேசாதீங்கம்மா. ஆட்டாம புடிங்க."

"முதுவுல போடறது மஞ்சளாத்தானே இருக்கும்?"

"நான் பாத்துக்கறேன், நீங்க புடிங்க!" குரலை உயர்த்தினேன். விரல் அழுத்தத் தயாராக இருந்தது. இன்னும் ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"அய்ய, கொஞ்சம் பாருங்கம்மா!" என்று நூர்ஜஹான் கத்தினார். ஆனால் மகளைப் பிடித்த பிடியை விடவில்லை. விட்டிருந்தால் ஊசி குத்திக் கிழித்திருக்கும். அவருக்கு ஒரு சரியான திட்டு திட்டவேண்டும் என்றுதான் நிமிர்ந்தேன். நிமிர்ந்தபோது ஊசியிலிருந்த மருந்தைப் பார்த்தேன். நிறமே இல்லை.

என் வாயிலிருந்து, "மாத்திக் குடுங்க சிஸ்டர்," என்று சாதாரணமாக வார்த்தை வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. மஞ்சள் மருந்தைப் போட்டு முடித்தேன். "முப்பத்தி நாலு எண்ணிட்டேன் ஆன்ட்டி, இன்னிக்கு ரொம்ப லேட்டு," என்றாள் ரெஹானா. நூர்ஜஹானிடம், "தேங்க்ஸ்மா," என்றேன், கீழே விழுந்த பேனாவை எடுத்துக் கொடுத்தவருக்குச் சொல்வதைப் போல. அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. நான் கை கழுவும் இடத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன்.  ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். என் ஒரு வரி ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது, நான் கேட்ட இன்னொரு ஜெபத்தை மறுத்ததால்தான் அது கிடைத்தது என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. ஆயா வந்திருந்தால் அந்தப் பிள்ளை செத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்தேன். பெரிய ஆபத்திலிருந்து ஒரு குழந்தையைத் தேவன் காத்தார், அதற்கு என்னைக் கருவியாகப் பயன்படுத்தினார் என்றேன். கருவியாம்! ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே வலது கை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை.

என் கணவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"சரி, சபைல சொல்லிட்ட. அந்தம்மாகிட்ட சொன்னியா?"

மறுநாள் முதலில் பேராசிரியரிடம் போனேன். என்னைப் பயிற்சியிலிருந்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டால் நல்லது என்றும் இருந்தது. அவர் எழுந்து கதவைச் சாத்தினார். முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்னு சொன்னேன் இல்லையா? அது நான்தான்மா. அன்னிக்கு ரூம்ல நானும் ஒரு நர்சும்தான். எனக்கு யாரும் சொல்லலை."

அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் அவர் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை என்றார். நோய் முற்றிவிட்டது என்று சொல்லி அனுப்பினாராம். "நீ போய்ச் சொல்லிடு. நான் அப்ப போகலை, இப்ப வரைக்கும் அந்தத் தெருவுக்குள்ள என்னால போக முடியலை," என்றார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்பதுபோல் வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் கீழ்க்கட்டளைக்குப் போனேன். ஒற்றை அறை. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு டீ கொடுத்தார்கள். டீயைத் தொடாமல் சொன்னேன். பிளாஸ்டர் ஒட்டாததையும் சொன்னேன்.

பஷீர் எழுந்துவிட்டார். "இன்னாம்மா சொல்றே? எம் பொண்ணை சாவடிக்கப் பாத்தியா? படிச்சவதானே நீ?"  நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

 நூர்ஜஹானின் மடியில் ஒரு பச்சைப் புடவை கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அடுத்த ஊசி எப்போ?"

"மூணு மாசம் கழிச்சும்மா. வேற டாக்டரைப் போடச் சொல்றேன்."

"வேணா. நீயே போடு. நான்தான் புடிப்பேன். ஊசிய எம் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டுப் போடு." ஆஸ்பத்திரியில் "நீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து என்னை "நீ" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அது தண்டனையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அப்படியே செய்தோம். ரெஹானா நன்றாகத்தான் இருந்தாள். தலைமுடி வளர்ந்தது. பள்ளிக்கூடம் போனாள். ரம்ஜானுக்கு டிபன் கேரியரில் பிரியாணி கொண்டுவந்து வார்டு முழுக்க ஓடி ஓடிக் கொடுத்தாள். அந்தக் கால்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது.

தொண்ணூற்று நான்கு தொடக்கத்தில் நோய் திரும்பியது. இந்த முறை எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. நான் மறுபடியும் பெரிய ஜெபங்களுக்குப் போனேன். உபவாசம் இருந்தேன். மார்ச் மாதம் ஒரு பிற்பகலில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பஷீர் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றார். மகளை மடியில் வைத்திருந்த நூர்ஜஹான் என்னைப் பார்த்தார். "தொழுவுற நேரமாச்சு. நீ கொஞ்சம் புடிச்சுக்கோ, வந்துர்றேன்," என்று அவளை என் கையில் கொடுத்தார். எந்தக் கை என்று தெரிந்துதான் கொடுத்தார். அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் உயிர் போனது.

இதை எழுதும் முன் சபையில் இரண்டு பேரிடம் மட்டும் தனியாக முழுவதையும் சொன்னேன். அப்படியானால் உங்கள் ஜெபம் கேட்கப்படவில்லையே என்று ஒரு சகோதரி கேட்டார். குணமாகவேண்டும் என்ற ஜெபம் கேட்கப்படவில்லைதான். ஏன் என்று நானும் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் கையால் வேண்டாம் என்று கேட்டேன், அது கேட்கப்பட்டது. அந்தப் பிள்ளைக்கு நடக்கவும் ஓடவும் சண்டைபோடவும் ஒன்றேகால் வருடம் கிடைத்தது. அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன். இன்னொரு சகோதரர், அந்தம்மா விசுவாசி இல்லையே, அவர் மூலமாகவா ஆண்டவர் பேசினார் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று அந்த அறையில் விசுவாசி என்று இருந்தவள் நான் ஒருத்திதான். கொலை செய்யப் போனவளும் நான்தான் என்றேன்.

இப்போது இளம் டாக்டர்கள் என்னிடம் இதே பயிற்சிக்கு வருகிறார்கள். இரண்டு மருந்தையும் ஒரே நாளில் எங்கள் வார்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அம்மாவோ அப்பாவோ கூட இருக்கவேண்டும். ஊசியை அவர்களிடம் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போடவேண்டும். "அவங்களுக்கு என்ன மேடம் தெரியும்?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களை உட்காரவைத்து முதல் நாளே இந்தக் கதையைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருத்தர் என்று சொல்வதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, ஒரு வரிக்கு மேல் ஜெபிக்கத் தெம்பில்லாமல் இருக்கலாம். அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், அது போதும். கூடவே நீங்கள் கேட்டது ஏதாவது மறுக்கப்பட்டால், என்னைப்போலக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு உங்களுக்கு யார் தொந்தரவாகத் தெரிகிறாரோ, அவர் வாய் திறந்தால் கையை நிறுத்துங்கள். நிமிர்ந்து பாருங்கள்.