அக்காவின் பயமும் ஒரு பழைய டீசல் காரும்

துக்கத்துக்கு வந்தவர்களும், பிறகு படத்திறப்பில் பேசியவர்களும் அக்காவைப் பற்றி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். தைரியசாலி. நடக்க முடியாத புருஷனைப் பின் இருக்கையில் படுக்க வைத்து, அரதப் பழசான காரைத் தானே ரிப்பேர் பார்த்துத் தானே ஓட்டிக்கொண்டு பேராவூரணிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய்வந்த பெண்மணியை வேறு எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். கூடப் பிறந்த தம்பி என்ற உரிமையில் அதை மறுக்கிறேன். அக்கா பயந்தவர். எங்கள் குடும்பத்தில் அவரைவிடப் பயந்தவர் ஒருவர் உண்டு என்றால் அது நான்தான். பயத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்பதால்தான் நினைவு மலருக்கான இந்தக் கட்டுரையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அக்கா பிறந்தது முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருந்த எங்கள் ஊரில். ஆற்றில் தண்ணீர் திறந்தால் எல்லோருக்கும் பாய்ந்த பிறகுதான் எங்கள் வயலுக்கு வரும், சில வருஷம் வராமலும் போகும். அப்பா குத்தகைக்கு உழுதார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா புத்தகப் பையை வைத்துவிட்டு மதகடிக்குப் போய் நிற்பார். தண்ணீர் வருகிறதா என்று பார்க்க இல்லையாம், வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் வீட்டில் இருப்புக் கொள்ளாதாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

கல்யாணமாகிப் போன இடத்தில் தென்னந்தோப்பு இருந்தது. மாமா தேங்காய் வியாபாரம் செய்தார், தோப்பு தோப்பாக அலைவதற்காக ஒரு டீசல் காரைப் பழசாக வாங்கினார். வாங்கும்போதே அது நிறைய ஓடிய வண்டி. மாமா அதன்மேல் இன்னும் ஓட்டினார். ஓடிய தூரத்தைக் காட்டுகிற எண்கள் ஒரு நாள் நின்றுபோயின, வண்டி நிற்கவில்லை. பிறகு புயல் வந்தது. விடிந்து பார்த்தால் தோப்பில் நிற்கிற மரத்தை எண்ணுவது சுலபமாக இருந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து எழுவதற்குள் மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது தெரிந்தது. தஞ்சாவூரில் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் கோத்து மூச்சு வாங்கும். கொஞ்ச நாளில் நடையும் போயிற்று. மகன் சார்ஜாவில். அக்கா நாற்பது வயதுக்கு மேல் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டது ஆசையில் இல்லை. ஒரு நாள் பட்டுக்கோட்டை தாண்டியதும் ஃபேன் பெல்ட் அறுந்து, இன்ஜின் கொதித்து, ரேடியேட்டரிலிருந்து ஆவி பீறிட்டது. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மாமாவுக்கு ஒதுக்கிய நேரம் போய்விட்டது. மறுநாள்தான் இடம் கிடைத்தது. இடையில் மாமா மூச்சுக்குத் தவித்ததை அக்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் நல்லவர், ஆனால் எதைக் கேட்டாலும் "நாளைக்கு விட்டுட்டுப் போங்கக்கா" என்பார். அவருடைய நாளைக்கும் எங்கள் டயாலிசிஸ் நாளுக்கும் ஒத்துவரவே இல்லை.

செல்போனில் வீடியோ பார்த்து ஆரம்பித்தார். முதன்முதலில் ஆயில் ஃபில்டர் மாற்றியபோது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் புதியதை மாட்டிவிட்டார். வண்டியைக் கிளப்பியதும் வாசல் முழுக்கக் கறுப்பு எண்ணெய். கோழிகள் எல்லாம் கறுப்புக் காலோடு வீட்டுக்குள் நடந்தன. "கோலம் நல்லாருக்கு" என்றார் மாமா. அக்கா சிரிக்கவில்லை. "இது நடுரோட்டுல ஆயிருந்தா?" என்று கேட்டுவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

இந்த "ஆயிருந்தா" தான் அக்கா. பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார், கூலன்ட் பார்ப்பார், பிரேக் ஆயில் டப்பியை வெளிச்சத்தில் பார்ப்பார், எல்லாம் பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் பெல்ட்டை அமுக்குவார். வண்டியை ஜாக்கியில் தூக்கினால் கழற்றிய டயரை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் தலையை உள்ளே நீட்டுவார். ஜாக்கி நழுவினாலும் வண்டி டயர்மேல் உட்காரும், ஆள்மேல் உட்காராது. மாமா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கேலி செய்வார். ஆனால் அக்காவின் கால் மட்டும் வெளியே தெரிகிற அந்த நேரம் முழுக்க அவர் கை நாற்காலிப் பிடியை விடாது. நான் பார்த்திருக்கிறேன்.

காரில் போகும்போது மாமாவும் மாறிவிடுவார். பின்னால் படுத்திருப்பவருக்கு அடியில் எழும் சத்தம் எல்லாம் நேராகக் காதில் விழும். "என்னம்மா சத்தம்?" என்பார். "ஒண்ணுமில்லைங்க, ரோடு" என்பார் அக்கா. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "இல்லம்மா, என்னமோ ஆடுது." ஆடியது ஒரு தகடு. அடியில் சூடான புகைக்குழாயைச் சுற்றி மூடியிருக்கும் மெல்லிய தகடு. அதன் போல்ட்டு துருப்பிடித்து, வேகம் எடுத்தால் கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் மாமா எழுந்து உட்காரப் பார்ப்பார், அவருக்கு மூச்சு முட்டும். ஒரு மத்தியானம் அக்கா வண்டிக்கு அடியில் போய் அந்தத் தகட்டையே கழற்றி எடுத்து மாட்டுக் கொட்டகையில் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு வண்டி சத்தமில்லாமல் போயிற்று. மாமா தூங்கிக்கொண்டே தஞ்சாவூர் வந்தார்.

பங்குனி மாதம் நம் பக்கத்துச் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உளுந்தைச் செடியோடு பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி மிதித்து மணி பிரியும், கூலி மிச்சம். அது சட்டப்படி சரியா தவறா என்பது வேறு பேச்சு. அக்கா ஒரு நாளும் ஒதுங்கிப் போனதில்லை. "நம்மளும் குத்தகைக்காரன் பிள்ளைங்கதானடா. சுத்திப் போனா அவங்க முகம் சுண்டிப் போயிரும்" என்று, ஓரம் பார்த்து நிதானமாக மிதித்துக்கொண்டுதான் போவார். சாலையோரத்தில் நிற்கும் பெண்கள் கை காட்டுவார்கள்.

அப்படி ஒரு டயாலிசிஸ் நாளில் நானும் முன் இருக்கையில் இருந்தேன். ஒரத்தநாட்டுக்கு முன்னால் குறுக்குச் சாலையில் நீளமாக உளுந்து பரப்பியிருந்தது. நல்ல வெயில், செடி அப்பளமாகக் காய்ந்திருந்தது. பாதி தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து மாமா சொன்னார், "என்னமோ கருகுதும்மா."

அக்கா "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் புகை. சக்கரத்தில் சுற்றிக்கொண்ட செடி தகடு இல்லாத புகைக்குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. மாமா படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே. ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் பின்னால் ஓடி வந்தாள். "அம்மா, தீ! அடியில தீ! நிறுத்துங்க!"

"நிறுத்துக்கா!" என்று நானும் கத்தினேன். அக்கா நிறுத்தவில்லை. முன்னாலும் உளுந்து, பின்னாலும் உளுந்து. நடுவில் நிறுத்தினால் சாலை முழுக்கப் பிடித்துக்கொள்ளும், நடக்க முடியாத மனிதரை இறக்கி அந்தத் தீயில் எந்தப் பக்கம் கொண்டுபோவது? போய்க்கொண்டே இருந்தால் காற்றில் அடியில் இருப்பது இன்னும் வளரும். இரண்டில் எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. வேண்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது, "முடிஞ்சிரும், முடிஞ்சிரும்னு சொல்லிக்கிட்டிருந்தேன்டா. எது முடியும்னு தெரியல" என்றார்.

உளுந்து முடிந்து வெறும் தார் வந்ததும் மதகுப் பக்கம் நிறுத்தினார். மாமாவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். பாரம் தாங்காமல் அவரைக் கீழே போட்டிருப்பேன், ஓடி வந்த அந்தப் பெண்தான் காலைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் களத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். வாய்க்காலில் தேங்கிக் கிடந்த சேற்றைக் கூடையிலும் கையிலும் அள்ளி வீசினார்கள். ஒருவர் கருக்கரிவாளை விட்டுப் புகைந்த செடியை இழுத்து இழுத்துப் போட்டார். தீ அணைந்தது. ஒரு சக்கரத்தின் ரப்பர் கருகியதோடு போயிற்று.

அக்கா மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சேறு. மாமாவைப் பார்த்து, "உங்க காதுல விழக் கூடாதுன்னுதாங்க அந்தத் தகட்டைக் கழட்டினேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

மாமா, "எனக்குப் பயமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்மா. நீ ஏன் தனியா பயந்துகிட்டு இருக்க?" என்றார்.

உளுந்துக்காரர் தன் லோடு ஆட்டோவில் வைக்கோல் பரப்பி மாமாவைப் படுக்க வைத்து நேரத்துக்குத் தஞ்சாவூர் கொண்டுபோய் விட்டார். அவர் மனைவிதான் எங்கள் பின்னால் ஓடி வந்தவர்.

அடுத்த நாளே அக்கா தகட்டுக்குப் புது கிளாம்ப் வாங்கி மாட்டினார். அதன் பிறகும் உளுந்தைச் சுற்றிப் போனதில்லை. ஆனால் தாண்டியதும் நிறுத்துவார், இறங்குவார், கொக்கி வைத்த கம்பியால் அடியில் சிக்கிய செடியை எல்லாம் இழுத்துப் போடுவார், குனிந்து முகர்ந்து பார்ப்பார். மாமா உள்ளிருந்து, "இருக்கா?" என்பார். "இல்லைங்க" என்பார். பயத்தை அதற்குமேல் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைக்கவில்லை.

இத்தனையும் பார்த்தவர் தன் நெஞ்சில் வந்த வலியை வாய்வு என்று சொல்லி இஞ்சிக் கஷாயம் குடித்தார். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் அக்காமேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு டயாலிசிஸ் நாள் காலையில், மாமாவுக்குத் தலையணையைக் காரில் வைத்துவிட்டுத் திரும்பியவர் படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார்.

அன்றைக்கு மாமாவுக்குச் சிகிச்சை தவறிப் போயிற்று. பலருக்கு நினைவில்லை, நினைவிருந்தவர்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. விமானம் பிடித்து வந்த மகன் மறுநாள் கொள்ளி வைத்தான். அதற்கடுத்த நாள் பால் தெளித்துவிட்டு வந்து பார்த்தால் மாமாவின் கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது, பேச்சுக்கு நடுவில் மூச்சு இழுத்தது. கொள்ளி வைத்தவன் வெளியே போகக் கூடாது என்றார்கள். தீட்டு வீட்டிலிருந்து வண்டி கிளம்பலாமா என்று ஒருவர் இழுத்தார். பங்காளி வீட்டுப் பெரியவர்தான், "கோயிலுக்கா போறாங்க? ஆஸ்பத்திரிக்குத்தானே? கிளப்புங்கப்பா" என்று வாயை அடைத்தார். ஆனால் மாமா வரவில்லை.

"அவளே போயிட்டா. எனக்கு இனிமே என்ன மாப்ள ஓட்டம்? விட்டுரு" என்றார்.

சுற்றி நின்றவர்கள் மகனைக் காட்டினார்கள், பேரப்பிள்ளையைச் சொன்னார்கள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோன்றியதைச் சொன்னேன். "மாமா, எனக்குப் பயமா இருக்கு. அந்தக் காரை எடுக்கவும் பயமா இருக்கு, நீங்க மூச்சு வாங்குறதைப் பாத்தாலும் பயமா இருக்கு. அக்கா இவ்வளவையும் வச்சுக்கிட்டுத்தான் ஓட்டிச்சு. நான் ஒருத்தனா எப்படி வச்சுக்கிறது? கூட வாங்க."

மாமா சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டினார். பின் இருக்கையில் படுக்க வைக்கப் போனேன். வேண்டாம் என்று முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காரைக் கிளப்பினேன்.

இந்த ஒரு வருஷத்தில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பங்காளிகள், ஊரார், அக்கா இறந்த அந்த வாரம் டயாலிசிஸ் பிரிவில் மாமாவுக்காக இடம் ஒதுக்கிக் கொடுத்த செவிலியர் சகோதரி, இப்போதெல்லாம் "உடனே கொண்டாங்க" என்று சொல்லும் பட்டறைக்காரர், உளுந்துக்கார அண்ணனும் அண்ணியும். நினைவு நாளன்று விடியற்காலையிலேயே காய் நறுக்க வந்துவிடுவதாக அண்ணி சொல்லியிருக்கிறார். நான் இன்னும் பெல்ட்டை அமுக்கிப் பார்க்கிறேன், சரியாகத்தான் பார்க்கிறேனா என்று தெரியாமலே பார்க்கிறேன். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இன்றைக்கு வழியில் நின்றுவிடுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மலர் உங்கள் கையில் இருக்கும்போது மாமாவும் நானும் வீட்டில் இருக்க மாட்டோம். நினைவு நாள் டயாலிசிஸ் நாளில் வந்துவிட்டது. தள்ளி வைக்க இரண்டில் எதற்கும் வழியில்லை. வாங்க என்று சொல்ல வாசலில் ஆள் இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். படையல் முடிந்ததும் பந்தியைத் தொடங்கிவிடுங்கள். கடைசிப் பந்தியில் மட்டும் எங்கள் இருவருக்கும் இடம் வையுங்கள். வந்துவிடுவோம்.