நாடகக் கொட்டகைக்கு எதிர்க் கடை

பசியோடு வருகிறவருக்குப் பரிமாறுவது சுலபம்; பசியோடும் கையில் நாடக டிக்கெட்டோடும் வருகிறவருக்குப் பரிமாறிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். உங்களில் யாராவது ஒரு கையில் ரசச் செம்பும் இன்னொரு கையில் அப்பளத் தட்டுமாக, "மோர் எங்கேப்பா?" என்ற குரல் நாலு பக்கமும் கேட்க நடுவில் நின்றிருந்தால், நீங்களும் நானும் சொந்தக்காரர்கள்.

அப்போது கடல் கடந்து வந்து, பிரிக்பீல்ட்ஸ் என்ற பேட்டையில் சுப்பையா முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு இருந்தேன். எதிரே இருந்த காலி நிலத்தில், ஊரிலிருந்து கப்பலேறி வந்த ஒரு நாடகக் கம்பெனி தகரக் கொட்டகை போட்டது. கொட்டகையில் முதல் மணி அடித்தால் கடையில் சாப்பிடுகிறவர்கள் வேகமாக மெல்லுவார்கள். இரண்டாம் மணிக்கு மெல்லாமல் விழுங்குவார்கள். மூன்றாம் மணிக்கு அங்கே திரையைத் தூக்கிவிடுவார்கள்.

இத்தனை கூட்டத்துக்கும் காரணம் ஒரே ஆள். நோட்டீஸில் 'கானக்குயில் குஞ்சிதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ராணி வேஷம் கட்டும் அந்தக் குயிலின் முழுப்பெயர் குஞ்சிதபாதம் என்பதும், அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் என்பதும் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்திலிருந்து முதல் தடவை வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து இலை

குஞ்சிதபாதம் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். பொழுது சாயுமுன் வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூலை இலையில் உட்கார்ந்துவிடுவார். சவரமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகுதான். அதனால் அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் மாட்டுவண்டி ஓட்டுகிறவர் என்று சொல்லலாமே தவிர, மகாராணி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒருநாள் வீரப்பன் என்கிற தோட்டத்துக்காரர் கையில் மல்லிகைப் பொட்டலத்தோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல்நாள் நாடகத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பாமல் தங்கிவிட்டாராம். "என்னா நடை! என்னா விரல்! அந்த அம்மா அழுதப்ப நானும் அழுதுட்டேன்ண்ணே" என்று சோறு ஆறிப் போகும்வரை பேசினார். பக்கத்து இலைக்காரர் ரோமம் அடர்ந்த கையால் உப்பை எடுத்து இவர் இலையில் வைத்தார். இவர் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "அண்ணே, இந்தப் பூவை அந்த அம்மா கையில சேர்க்கணும். அவங்க எங்க சாப்பிடுவாங்க?" என்றார். குஞ்சிதபாதம் நிமிராமலே பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மேடையில் கேட்கும் அதே குயில் குரலில் சொன்னார்: "பக்கத்து இலையிலதான் சாப்பிடுவேன், பிராணநாதா! அந்த ஊறுகாயைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

மூன்று காப்பி

பள்ளிக்கூட வாத்தியார் ஞானமுத்து தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். கூத்து நாடகமெல்லாம் ஆகாது என்று போதகர் ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியாரும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் நாடகம் வந்த பிறகு சாயங்காலமானால் அவருக்கு எங்கள் கடைத் தோசைமேல் ஆசை பொங்கிவிடும். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டாம் மணி அடித்ததும் தெருவைத் தாண்டி மறைந்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் அவர் பாதித் தோசையில் இருக்கும்போது போதகரே உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார். "நானும் தோசைக்குத்தான் வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலே. முதல் மணி அடித்தது. இருவரும் காப்பி சொன்னார்கள். இரண்டாம் மணி அடித்தது. வாத்தியார் இன்னொரு காப்பி சொன்னார், போதகரும் சொன்னார். இவர் எழுந்து போகட்டும் என்று அவரும், அவர் போகட்டும் என்று இவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். மூன்றாவது காப்பியை நான் கொண்டுவந்து வைத்தபோது எதிரே ஹார்மோனியம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மேல் போதகரால் தாங்க முடியவில்லை. அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ஞானமுத்து, உமக்கு எந்த வகுப்பு டிக்கெட்? எனக்கு பெஞ்சுதான் கிடைச்சது, தூண் மறைக்குது."

தீர்ப்பு

கடை வாசலில் ரிக்ஷா நிறுத்தும் அ சொங் என்கிற சீனர், சவாரி இல்லாத நேரத்தில் கொட்டகைத் தகரத்தில் சாய்ந்து நாடகம் முழுக்கக் கேட்டுவிடுவார். ஒருநாள் கடைக்குள் இரண்டு ரயில்வே ஆட்கள், ராணி காட்டில் பாடும் அழுகைப் பாட்டு மோதிரம் தொலைவதற்கு முன்பா பின்பா என்று சண்டை போட்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துவிட்டார்கள். அ சொங் உள்ளே வந்தார். மோதிரம் தேடுவதுபோல் தரையைத் தடவினார். பிறகு அந்தப் பாட்டை முதலடியிலிருந்து, விக்கல் முதற்கொண்டு பாடி முடித்தார். சட்டைகள் விடுபட்டன. அவர் ஒரு வார்த்தை தமிழ் யாரிடமும் கற்றதில்லை. தெரிந்ததெல்லாம் தகரத்தின் வழியாகக் கேட்டதும் கடை வாசலில் காதில் விழுந்ததும்தான். நான் மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்த டீ கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மார்பில் கை வைத்துக் கேட்டார்: "மன்னவா! தேத்தண்ணியில் சீனி எங்கே?"

ரசம்

கிள்ளானில் ரயில்வே சரக்குக் கொட்டடியில் வேலை பார்த்த சின்னசாமியும் அவர் மனைவி அஞ்சலையும் வந்தது கம்பெனி கிளம்புவதற்கு முந்தின நாள். கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் இரண்டு பேருமாக வெளியே சாப்பிட்டு, நாடகமும் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை என்று நான் இலை போடும்போதே அஞ்சலை சொன்னார். மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவையும் சின்னசாமியை வேலைக்குக் கூப்பிட ஆள் வந்துவிட்டதாம். அன்றிரவு பக்கத்திலேயே அண்ணன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அஞ்சலை கல்யாணப் பச்சைப் புடவை கட்டியிருந்தார். கடையில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் மணி அடித்தது. பின்னால் இருந்தவர் துள்ளி எழுந்தார். அவர் முழங்கை என் முதுகில் இடித்தது. என் கையிலிருந்த செம்பு அப்படியே அஞ்சலை மடியில் கவிழ்ந்தது. ரசம் ஆறியிருந்ததால் தோல் தப்பியது, புடவை தப்பவில்லை. அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மடியில் கிடந்த கொத்தமல்லி இலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டார்.

"வாம்மா, உங்க அண்ணன் வீட்டுக்கே போயிடலாம்" என்றார் சின்னசாமி.

"இந்தக் கோலத்துல கொட்டகைக்குள்ளயும் போக முடியாது" என்றார் அஞ்சலை.

முதலாளி என் துணிமூட்டையைக் கட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நான் தெருவைத் தாண்டி ஓடி, கொட்டகையின் பின்பக்கமாக நுழைந்தேன். குஞ்சிதபாதம் பாதி முகத்துக்கு அரிதாரம் பூசியிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் திறந்து சரிகை போட்ட ஊதாப் பட்டு ஒன்றை எடுத்தார். "ரெண்டாம் காட்சிப் புடவை. கொடு, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். முதலாளியின் மனைவி அறையில் அஞ்சலை அதைக் கட்டிக்கொண்டு வந்தபோது சின்னசாமி வழிவிட மறந்து நின்றுவிட்டார்.

வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாததால் நானும் அவர்கள் பின்னாலேயே போய்க் கொட்டகை ஓரம் நின்றேன். இரண்டாம் காட்சி வந்தது. குஞ்சிதபாதம் முதல் காட்சிச் சிவப்புப் புடவையிலேயே வந்தார். ராஜா வேஷக்காரருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. வழக்கம்போல், "ஊதாப் பட்டுடுத்தி வந்த என் உயிரே!" என்று கர்ஜித்தார். கொட்டகை சிரித்தது.

ராணி அசரவில்லை. நாற்காலி வரிசையைப் பார்த்துக் கை நீட்டி, "சுவாமி, அந்தப் பட்டை என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அதோ, கிள்ளானிலிருந்து வந்திருக்கிறாள், பாருங்கள்!" என்றார். ஜனம் மொத்தமும் திரும்பியது. ராஜா வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அஞ்சலை முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கையை எடுத்துவிட்டு, எழுந்து நின்று ராஜாவுக்குப் பதில் கும்பிடு போட்டார். கைதட்டலில் தகரம் அதிர்ந்தது.

மறுநாள் காலையில், முதலாளி கோபம் ஆறி நான் மறுபடி இலை போட்டுக்கொண்டிருக்க, அஞ்சலை ஊதாப் புடவையை மடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். பச்சைப் புடவையில் கறை போகவில்லை என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "அடுத்த நாடகத்துக்கு வரும்போதும் நீங்களே ஊத்துங்கண்ணே, ரசம்."

இத்தனை வருஷம் பரிமாறியதில் நான் கண்டது, நாடகம் பார்க்கப் போகிறவர்கள் என்ன சாப்பிட்டோம் என்பதை அடியோடு மறந்துவிடுகிறார்கள் என்பதுதான். எங்கள் முதலாளியின் சாம்பார் இருந்த லட்சணத்துக்குக் கடை அவ்வளவு நாள் ஓடியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.