புல்லுவெட்டி மிஷினுக்கு ஒரு சாண் பேக்கிங்

மெக்கானிக் தொழிலில் எஞ்சினைப் பிரிப்பதும் கஷ்டமில்லை, பூட்டுவதும் கஷ்டமில்லை. பிரித்த இரண்டு இரும்புக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங் கிடைக்கிறதே, அதுதான் கஷ்டம். பழைய எஞ்சினோடு மாரடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேளுங்கள். எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில், ஆயில் எஞ்சின் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தேன். கிணற்று எஞ்சின் எது வந்தாலும் பயமில்லை. என்னை நாலு ஊருக்கு ஓடவிட்டது ஒரு புல்லுவெட்டி மிஷின்.

காலைச் சுட்ட சைலன்சர்

ஒருநாள் சவரிமுத்து அந்த மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். மிஷின் வெள்ளைக்காரன் காலத்தது. பெட்ரோல் ஊற்றி, கயிறு சுற்றி இழுத்து, பின்னால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சைலன்சர் எஞ்சினோடு சேருகிற இடத்தில் இருந்த பேக்கிங் எரிந்து சாம்பலாகிவிட்டது. அந்தச் சந்து வழியாகப் புகை நெருப்பாகப் பின்பக்கம் பாய்கிறது. காக்கிக் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். கெண்டைக்காலில் வரிசையாகக் கொப்புளம்.

சத்தமோ, பட்டாசுக் கடை பற்றிக்கொண்டது போல. வகுப்பில் வாத்தியார் வாயசைப்பது மட்டும்தான் தெரியுமாம். ஹெட்மாஸ்டர் கெடு வைத்துவிட்டார். ஆயுத பூசைக்கு மறுநாள் மைதானத்தில் ஃபுட்பால் மேட்ச். அதற்குள் சத்தமில்லாமல் ஓடினால் ஓடட்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரனுக்கு. "போனா போவுது, மிஷின் இல்லன்னா அருவாளால அறுத்துட்டுப் போயேன்" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"மிஷினு ஓட்டத்தான்ணே என்னை வச்சிருக்காங்க. புல்லு அறுக்கறதுன்னா பாதி கூலிக்குப் பொம்பள ஆளு வருது. மிஷினு வண்டி ஏறுன அன்னிக்கே நானும் வூட்டுக்குப் போவேண்டியதுதான்."

விழுப்புரத்தில் கிடைத்த மரியாதை

மறுநாளே பஸ் ஏறி விழுப்புரம் போனேன். ரயிலடிப் பக்கம் ஒரு பெரிய ஸ்பேர் கடை. லாரியா, டிராக்டரா, மோட்டார் சைக்கிளா என்று முதலாளி கேட்டார். புல்லுவெட்டி என்றேன். ஊரே புல் மேய மாடு வளர்க்கும்போது, புல்லை வெட்ட எவன் எஞ்சின் வைத்திருக்கிறான் என்று கடைப் பையன்களிடம் கேட்டுச் சிரித்தார். நான் சைலன்சரைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். சிரித்து முடியட்டும் என்று நின்றேன்.

மாடல் நம்பர் கேட்டார், தேய்ந்துபோயிருந்தது. என்ன வருஷம் என்றார், தெரியாது. எரியாத சீட்டாக ஒரு சாண் கொடுங்கள், நானே வெட்டிக்கொள்கிறேன் என்றேன். சில்லறையாக வெட்டித் தரமாட்டாராம், வந்தால் முழுச் சுருள்தானாம், அதுவும் இப்போது ஸ்டாக் இல்லையாம். நான் நகர்கிற மாதிரி தெரியவில்லை என்றதும் அவருக்கே பாவமாகிவிட்டது.

"யோவ், இதச் செஞ்சவனே செத்து எலும்பு கூட இருக்காது. நீ இன்னாடான்னா அதுக்குப் பேக்கிங் கேட்டுக்கினு நிக்கிற!"

பி.டி. மாஸ்டரின் பொறாமை

கிடைக்கவில்லை என்றால் கையில் இருப்பதை வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். முதலில் கார்க் சீட் வைத்தேன். எண்ணெய் கசிகிற இடத்துக்கு அது ராஜா. சைலன்சரின் சூட்டுக்கு முன்னால் அப்பளம். மைதானத்தில் ஒரு சுற்று வருவதற்குள் கருகி, மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, தீய்ந்த வாசனை கிளப்பிவிட்டுப் போனது.

அடுத்தது பால் பவுடர் டின். தகரம் எரியாது அல்லவா? அளவாக வெட்டி, நெளிவெடுத்து, முடுக்கினேன். எரியவில்லை. ஆனால் தகரத்துக்கும் இரும்புக்கும் இடையில் மயிரிழை சந்து. அந்த வழியாகப் புகை வந்ததும் மிஷின் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் கபடி ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டார்கள். பாடிக்கொண்டு போனவன் எதிர்க் கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டான். சவரிமுத்து மிஷினை நிறுத்தவும், பி.டி. மாஸ்டர் விசிலைக் கையில் பிடித்தபடி எங்களிடம் வந்தார்.

"நான் உயிர் போக ஊதுனாலும் ஒருத்தன் நிக்கறதில்ல. உங்க மிஷினு ஊதுனா மொத்தப் பசங்களும் நிக்கிறானுங்க. ரிப்பேர் பண்ணாதீங்கய்யா, அத எனக்குக் குடுத்துடுங்க."

விக்கிரவாண்டி யோசனை

லாரி எஞ்சினின் ஹெட் பேக்கிங் எரியாத சரக்கு. கழற்றிப் போட்டது ஒன்று கிடைத்தால் அதிலிருந்து வெட்டலாமே என்று விக்கிரவாண்டிக்குப் போனேன். அங்கே லாரிப் பட்டறை வைத்திருந்த ராஜு எனக்குப் பழைய கூட்டாளி. மூலையில் கிடந்த குவியலையே காட்டினான். ஒவ்வொன்றின் மேலும் சைலன்சர் முகத்தை வைத்துப் பார்த்தேன். இப்படி வைத்தால் அந்தப் பக்கம் ஓட்டை, திருப்பி வைத்தால் இந்தப் பக்கம் ஓட்டை. எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன். அரை விரல் அகலம் எங்கேயும் பத்தவில்லை. அன்று ஆயுத பூசைக்கு முந்தின நாள். பட்டறையைக் கழுவிவிடத் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தான் ராஜு.

"ஓட்டைக்கு நடுவுல இன்னாத்த தேடிக்கினு கீற ஏழுமல? கோட்டகுப்பத்துல பழைய இரும்பு பாய் ஒருத்தர் மில்லு சாமானெல்லாம் வாங்குறாரு, அவராண்ட பாய்லர் சீட்டு இருக்கும், ஜல்தி போ, என் இடத்தக் காலி பண்ணு!"

அடுப்புக்கு அடியில் இருந்த புதையல்

அன்று பஸ் கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பட்டறையில் பூசை போட்டேன். சுத்தி, ஸ்பானர், உளி எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தேன். கடையெல்லாம் மூடியிருக்கும், போய்ப் பிரயோசனமில்லை என்றாள் என் வீட்டுக்காரி. பாய்க்கு ஏது ஆயுத பூசை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பாய் நல்ல மனுஷர். பாய்லர் சீட் இருந்தது, போன மாதம் போய்விட்டது என்றார். மிச்சம் ஒரு துண்டுகூட இல்லையா என்று கேட்டேன். யோசித்து, வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பம்ப் ஸ்டவ்வுக்குக் கீழே, மேஜை சூடாகாமல் இருக்க ஒரு துண்டை விரித்திருந்தார்கள். சாம்பல் நிறம், விரலால் அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கிற பதம். அதேதான்! அந்தக் கல்நார்ச் சரக்கைத் தொடவே கூடாது, நுரையீரலுக்கு ஆகாது என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அது தங்கத் தகடு.

எடுக்க வேண்டுமென்றால் ஸ்டவ்வை நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது கைப்பழக்கத்தில் ஒரு அடி அடித்துப் பார்த்தேன், பம்ப்பில் காற்று பிடிக்கவில்லை. உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோயிருந்தது. கையாலேயே திருகிக் கழற்றி, அவர்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரித்து மாட்டினேன். நாலு அடி அடித்ததும் நீலமாக எரிந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து பாயின் சம்சாரம் பேசினார், என்னிடம் இல்லை, பாயிடம்.

"ஏங்க, நாலு மாசமா நான் கத்துனது உங்க காதுல ஏறல. சீட்டு கேக்க வந்த மனுஷன் கேக்காமலே செஞ்சிட்டாரு. முழுசா குடுத்தனுப்புங்க, கிழிச்சிக்கிழிச்சிக் குடுக்காதீங்க!"

பொட்டு வைக்காத கல்

சீட்டோடு திண்டிவனத்தில் இறங்கியபோது சாயங்காலம் நாலு மணி. பட்டறை வாசலில் என் வீட்டுக்காரி நின்றாள். பூசையில் வைத்த சாமானை மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் தொட்டால் வருஷம் பூராவும் தொழில் விளங்காது என்றாள். மேட்ச் காலையில். விடிந்ததும் புல் வெட்டியாக வேண்டும். தெருவில் ஆசாரி, தட்டார், தையற்கடை, எங்கே எட்டிப் பார்த்தாலும் சுத்தியும் கத்தரியும் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. அவளிடம் சண்டை போடவில்லை. சாமியிடமும் போடவில்லை. ஆனால் வீட்டிலும் உட்காரவில்லை.

பள்ளிக்கூடத்து ஷெட்டுக்குப் போய், மைதானத்து ஓரத்தில் கைக்கு அடக்கமாக ஒரு உருண்டைக் கல் எடுத்தேன். சீட்டை சைலன்சர் முகத்தின் மேல் வைத்து, விளிம்பைச் சுற்றிக் கல்லால் தட்டினேன். சுத்தியால் தட்டினாலும் இதே வேலைதான். அடியில் இருக்கிற இரும்பு விளிம்பே கத்தியாக வெட்டிக்கொடுக்கும். போல்ட் ஓட்டை இரண்டையும் தட்டி எடுத்தேன். மிஷினுக்கென்று சவரிமுத்து வைத்திருந்த, பூசைக்குப் போகாத ஒரே ஸ்பானரால் முடுக்கினோம். அந்தச் சமயம் பார்த்து ஹெட்மாஸ்டர் வந்து நின்றார். "என்னய்யா, கற்காலமா?" என்றார். "கல்லுக்கு யாரும் பொட்டு வைக்கல சார்" என்றேன்.

சவரிமுத்து கயிற்றை இழுத்தான். எஞ்சின் ஒரு தும்மல் போட்டு நின்றது. மறுபடி இழுத்தான், தும்மல். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சவரிமுத்து என்னைப் பார்க்கவே இல்லை, கயிற்றையே பார்த்தான். தரையில் குனிந்தேன். தட்டி எடுத்த சில்லு இரண்டு கிடந்தது. மூன்று இருக்க வேண்டும். நாலு ஊர் சுற்றிக் கிடைத்த சந்தோஷத்தில், புகை போகிற நடு ஓட்டையை எடுக்காமலே பூட்டியிருக்கிறேன். எஞ்சினின் மூக்கை நானே பொத்திவிட்டு ஓடு ஓடு என்கிறேன்!

திரும்பக் கழற்றி, கல்லை எடுத்து, நடுவில் தட்டி எடுத்துப் பூட்டினோம். சூடானதும் இன்னொரு முடுக்கு. சவரிமுத்து மைதானத்தை நீளவாக்கில் ஒரு போக்கு போய்த் திரும்பி வந்தான். காலில் புகை இல்லை, விசில் இல்லை, வேட்டு இல்லை. தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் வகுப்பறை ஜன்னல் வரை நடந்துபோய்க் காது கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"சவரிமுத்து, நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வருவான். மேட்ச்சுக்குக் கோடு போட்டுட்டு, மிஷினு விக்கறதுக்கில்லன்னு நீயே சொல்லி அனுப்பிடு."

ஒரு சாண் சீட்டுக்கு நாலு ஊர் அலைந்த கிறுக்கன் என்று என்னைச் சொன்னவர்கள் எல்லாம், தங்கள் வீட்டில் எதற்காவது ஸ்பேர் கிடைக்கவில்லை என்றால், இன்றைக்கும் என் வாசலில்தான் வந்து செருப்பைக் கழற்றுகிறார்கள்.