செக்கிங் அக்காவுக்குப் பிடித்த மூன்று நாவல்கள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கிங் அக்கா என்றுதான் பெயர். பத்தொன்பது வருடமாக ஒரே மேசை, ஒரே டியூப் லைட். தைத்து முடித்த சட்டைகள் முன்னால் வந்து விழும். காலர், தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று விரல் ஓடும். நூல் தப்பிய இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவாள். அந்த வேலை மனதில் ஒரு பழக்கத்தை ஏற்றிவிடும். ஓரிடத்தில் குறி இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது, யாரோ பார்த்துவிட்டு உனக்குச் சொல்ல வருகிறார்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். சட்டைக் கழுத்து லேபிளைத் தவிர வேறெதையும் விரும்பிப் படித்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரே வருடத்தில் இருபத்து மூன்று நாவல்களைப் படித்து முடித்தாள் என்றால் அது நாவல்மேல் வந்த ஆசையால் இல்லை. மகளால்.

மகள் போய்ப் பதினோரு மாதம். இருபத்திரண்டு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குக் கிளம்பியவள் திரும்பவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு சீட்டு: "நான் நல்லாத்தான் இருப்பேன். தேடாதீங்க." போன் அன்றோடு அணைந்தது. காவல் நிலையத்தில் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, மேஜர் பெண், தானாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நாங்கள் என்னம்மா செய்ய முடியும் என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. மகள் பேச்சை எடுத்தாலே எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். தண்ணீர் பாட்டுக்கு ஓடும்.

மகளுடைய அலமாரியைக் கவிழ்த்துத் தேடியதில் தேறியது ஒரு நூலக அட்டை மட்டும்தான். அதில் இருபத்து மூன்று புத்தக எண்கள். நூலகரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, இதில் இருக்கிற எல்லாம் எனக்கு வேண்டும், ஒவ்வொன்றாகக் கொடுங்கள் என்றாள். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். முதல் நாவலை எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார்.

கம்பெனி பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல ஆரம்பித்தாள். "அக்கா கலெக்டர் பரீட்சை எழுதப்போறாங்க, யாரும் சத்தம் போடாதீங்கடி" என்று பின்சீட்டில் கேலி செய்தார்கள். அவள் தலையைத் தூக்கவில்லை. நூற்றுப் பத்தாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே மெல்லிய பென்சில் கோடு ஒன்றைப் பார்த்தாள். இரண்டாவது நாவலில் இரண்டு கோடுகள். மூன்றாவதில் நான்கு. ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு வரியையும் எழுதி வைத்தாள். மகள் எந்த வரியில் நின்றாளோ அந்த வரியில் தானும் நின்றாள். சில வரிகளில் அரை மணி நேரம்கூட நின்றிருக்கிறாள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி.

அறுபத்தொரு வரிகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்பதில் கடல் இருந்தது. அவளுக்கு அது போதும். தெரிந்த துறைமுக நகரம் ஒன்றுதான், பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போய், பெண்கள் விடுதி ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, மகள் படத்தைக் காட்டி வந்தாள். மீன் பேக்கிங் கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, வருகிறேன் என்று சொல்லியும் வைத்துவிட்டாள். ராஜினாமாக் கடிதம் கைப்பைக்குள் தயாராக இருந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வீட்டுக்காரரிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை மாலை, வாசகர் வட்டத்தின் வருடக் கடைசிக் கூட்டம். நூலகத்தின் நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். இந்த வருடம் படித்ததில் பிடித்த நாவல்கள் எவை, ஏன் என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும். தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்தவர்கள் முதலில் பேசிவிடலாம், சீக்கிரம் முடியும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளை வரச் சொல்லி வற்புறுத்தியது நூலகர்தான். இந்த வருடம் அவளைவிட அதிகமாகப் புத்தகம் எடுத்தவர் யாரும் இல்லை.

அவள் நோட்டை விரித்துக்கொண்டாள்.

அவள் சொன்ன மூன்றில் முதல் நாவல் கலங்கரை விளக்கத்துக் காவல்காரனைப் பற்றியது. அவன் இரவெல்லாம் விளக்கை எரியவிட்டும் தம்பியின் படகு வரவில்லை. அதைப் படித்த வாரத்தில் வீட்டு வாசல் விளக்கை அவள் அணைக்கவில்லை, வீட்டுக்காரர் திட்டியும். இரண்டாவது, கயிறு திரிக்கும் குடும்பத்தின் கதை. அதில் தாய்க்காரி மூன்று பிள்ளைகளையும் வாயாலேயே விரட்டிவிட்டுப் பிறகு ஒவ்வொருவர் தட்டாக எடுத்து வைத்துச் சோறு போடுவாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள், நாலு நாள் திறக்கவில்லை. மூன்றாவதில் ஒரு நர்ஸ், சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போகிறவள்.

"இந்த மூணும் ஏன் பிடிச்சுதுன்னா," என்று அவள் நிமிர்ந்தாள், "இதுலதான் எம்பொண்ணு நிறையக் கோடு போட்டிருக்கா. எங்க இருக்கேன்னு எனக்குச் சொல்லிட்டுத்தான் போயிருக்கா. எனக்குத்தான் படிக்கத் தெரியல. இப்பத் தெரிஞ்சுடுச்சு. நான் கிளம்பறேன்."

தபால்காரர் மெதுவாகக் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். நூலகர் மட்டும் தட்டவில்லை. அவருடைய முகம் வெளுத்துப் போயிருந்தது.

எல்லோரும் போன பிறகு அவளை நிற்கச் சொன்னார். உட்காருங்கம்மா என்றார். தான் உட்காரவில்லை. அந்த மூன்று நாவல்களையும் அலமாரியிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"அந்தக் கோடெல்லாம் நான் போட்டதும்மா."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கவுண்ட்டரில் ஆள் இல்லாத நேரத்தில் எதையாவது எடுத்துப் படிப்பார். யாராவது வந்து நின்றால், நிறுத்திய வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு முத்திரை குத்தப் போய்விடுவார். அடையாளச் சீட்டு வைத்தால் பிள்ளைகள் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். முப்பது வருடமாக இப்படித்தான். அது அவர் எழுந்துபோன இடம், அவ்வளவுதான்.

அவள் மூன்றாவது நாவலைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கோட்டைக் காட்டி, இதுவுமா என்றாள். ஆமாம் என்றார். இது? அதுவும். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். ஒன்றாவது என் மகள் போட்டதாக இருக்காதா, நல்லாப் பாருங்க சார், ஒண்ணே ஒண்ணு என்றாள். கடைசிக் கோட்டில் நூலகர் வெகுநேரம் தயங்கினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, இது என்னுடையதுபோலத் தெரியவில்லை என்றார்.

அவள் கோட்டின்மேல் விரலை வைத்து ஓட்டினாள். முனை அழுந்தி, கடைசியில் சற்று மேலே தூக்கி முடிந்த கோடு. முன்னால் பார்த்த எல்லாக் கோடுகளும் அப்படித்தான் முடிந்திருந்தன.

"வேணாம் சார். ஒரே கை போட்ட தையல் எனக்குத் தெரியும்." புத்தகத்தை மூடிவைத்தாள். "எம்பொண்ணு பென்சிலை அழுத்தவே மாட்டா. சின்ன வயசுலேர்ந்தே. அவ எழுத்து தெரியலைன்னு டீச்சர்ங்க திட்டுவாங்க. முதல் புத்தகத்துலயே எனக்குத் தெரிஞ்சுது சார். தெரிஞ்சேதான் பாஸ் பண்ணிட்டேன்."

நூலகர் அப்போதுதான் உட்கார்ந்தார். மன்னித்துவிடுங்கள் என்று என்னவோ ஆரம்பித்தார். அவள் காதில் விழவில்லை. கோடு போகட்டும், என் மகள் இங்கே வந்து என்ன பேசுவாள், அதையாவது சொல்லுங்கள் என்றாள்.

அவர் யோசித்தார். பொய் சொல்ல இனி இடம் இல்லை. அதிகம் பேசாத பெண் என்றார். கதை என்ன, யார் எழுதினது என்றெல்லாம் கேட்க மாட்டாள். இருப்பதிலேயே பெரிய புத்தகமாகக் கேட்பாள். அறுநூறு பக்கத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவாள்.

"ஒரே ஒரு தடவை ஒண்ணு கேட்டாம்மா. ஞாயித்துக்கிழமையும் திறந்து வைக்க மாட்டீங்களா சார்னு."

ஞாயிற்றுக்கிழமைதான் மூன்று பேருக்கும் விடுமுறை. வாரம் முழுக்க நேரம் கிடைக்காமல் தள்ளிவைத்த சண்டையை எல்லாம் அவளும் வீட்டுக்காரரும் அன்றைக்குத்தான் போட்டுத் தீர்ப்பார்கள், காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்து. இரண்டு அறை வீடு. நடுவில் மகள் உட்கார்ந்திருப்பாள், முகத்துக்கு முன்னால் தடியாக ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு. வீடே பற்றி எரிகிறது, உனக்கு என்னடி கதை வேண்டிக்கிடக்கிறது என்று ஒருநாள் அதைப் பிடுங்கி எறிந்ததும் பெற்றவள்தான்.

"சொல்லாம இருந்திருக்கலாம் சார் நீங்க," என்றாள் எழுந்துகொண்டே. கோபமாக இல்லை. "கடலாவது இருந்துச்சு எனக்கு."

திங்கட்கிழமை கடிதம் கொடுக்கவில்லை. சட்டைகள் வந்து விழுந்தன. வியாழக்கிழமை அவள் பாஸ் செய்து அனுப்பிய முப்பது சட்டைகள் மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வந்தன. அந்த மேசையில் அப்படி நடந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிலையத்துக்குப் போனாள். துறைமுக நகரத்துப் பஸ் வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டது, போனது. அதன் பின்னால் அடுத்த பஸ். அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொரு பலகையாகப் படித்தாள். வருடம் முழுக்கப் படித்ததில் இப்போது கடகடவென்று படிக்க வந்தது. நாற்பது ஊர்களாவது இருக்கும். எந்த ஊருக்குக் கீழேயும் ஒரு கோடு இல்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு எதிரே கிளம்பத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். இது எதுவரைக்கும் போகும் என்று கேட்டாள். அவர் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அவள் கேள்விப்பட்டதில்லை.

"அதுக்கே ஒண்ணு குடுங்க," என்றாள்.