சுராக்கள்

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நாசர் தன் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த பச்சைத் துணியில் ஏழாம் இலக்கம் தெரிந்தது. எங்கள் அணியின் ஜேர்சி. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. திருகோணமலையில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடிய அணி ஒன்று இருந்தது, ஒரேயொரு சீசன். கிண்ணியாக்காரன் நாசர் எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழும். நான் மாற்று ஆட்டக்காரன். ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்து அதைத் தேய்த்ததுதான் என் சாதனை.

அணியின் பெயர் 'திருமலைச் சுறாக்கள்'. கொழும்பில் அச்சடித்து வந்த ஜேர்சியில் 'சுராக்கள்' என்றிருந்தது. எங்கள் ஊரில் தமிழ் வாத்திமாருக்கா பஞ்சம்? சுரா என்றால் மது என்று முதல் ஆட்டத்திலேயே ஒருவர் விளக்கம் சொல்ல, "கள்ளுக் கோஷ்டி வருது" என்று கூட்டம் கூவியது.

"வாப்பா பள்ளிக்குத் தொழப் போற மனிசன். இதப் போட்டுக்கிட்டு நான் எப்பிடி ஊருக்குள்ள போற?" என்ற நாசர், 'ரா'வின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டான்.

அணியை நடத்திய முதலாளியிடம் போனோம். கதிரையை விட்டு எழும்பாமலே, "ஒரு எழுத்துத்தானே தம்பி, அடுத்த சீசன் மாத்துவம்" என்றார். ஒரு எழுத்துத்தானாம். அதைத் திருத்த மனமில்லாதவர் அணியையா காப்பாற்றப் போகிறார்? அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

விளங்கவில்லை. நாங்கள் இருவரும் துறைமுகப் பக்கத்து அலுவலகமொன்றில் நிரந்தர எழுதுவினைஞர்கள். பயிற்சிக்கு லீவு போதவில்லை. "வேலைய விட்டிட்டு வா மச்சான், அடுத்த சீசனும் இருக்குத்தானே" என்று அவனைக் கிளப்பியவன் நான்தான். அவன் இராஜினாமாக் கடிதம் கொடுத்தான். நான் சம்பளமில்லா லீவு எடுத்தேன். கெட்டிக்காரன்.

அடுத்த சீசன் வரவில்லை. முதலாளி வெளிநாடு போய்விட்டார். என் கதிரை எனக்காகக் காத்திருந்தது. நாசரின் கதிரையில் வேறொருவர் இருந்தார்.

அவன் துணியை உதறினான். டேப் இன்னும் ஒட்டியிருந்தது.

"நல்ல டேப் மச்சான். அது மட்டுந்தான் நிண்டு பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எனக்கு முதலாளி மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

ஆடுகளம் இப்போது எங்கள் அலுவலகத்தின் வாகனத் தரிப்பிடம். வளையம் இல்லை, கோடுகள் அழிந்துவிட்டன. அவன் நின்று பந்தெறிந்த இடத்தில்தான் என் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறேன். வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்: 'வாடகை ஓட்டோக்கள் உள்ளே வரக்கூடாது.' அதில் மட்டும் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.