நாளை இறைப்பேன்

பிரெஞ்சுக்காரர் போனதும் எங்கள் காரைக்கால் அலுவலகத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிரெஞ்சில் படித்த நான், அந்தப் பழக்கத்தில் ‘எஸ்டர்டே’ வரும் இடத்திலும் ‘ஹேவ்’ போட்டுவிடுவேன். எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் பக்கம் இருந்த பொறையாற்றில் ஆங்கிலம் படித்திருந்த என் மனைவிதான் தினமும் திருத்தினாள். அவளுக்கு ஒரே நிபந்தனை: “பாடத்துக்குன்னாலும் பொய் சொல்லாதீங்க.”

ஒரு மாலை, “டுமாரோ ஐ வில் டிரா வாட்டர்” என்று பெருமையாக ஒப்பித்தேன். விடிந்ததும் கிணற்று வாளியைக் கையில் கொடுத்தாள். “இறைச்சிட்டு வாங்க. அப்பத்தான் நாளைக்கு இதையே எஸ்டர்டே போட்டுச் சொல்ல முடியும்.”

எரிச்சலோடுதான் இறைத்தேன். போகப் போகக் கயிறும் பழகியது, காலங்களும் பழகின, வேலையும் நிலைத்தது.

அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை. இன்றும் விடிந்தால் வாளியை நான்தான் எடுக்கிறேன்.