புரொப்பலரும் பேசாத சகலனும்

என் வாய்தான் எனக்குச் சத்துரு. இதை மனைவி பல தடவை சொல்லியிருக்கிறாள், நான் நம்பியதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளைமார் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வோம். அப்படிப் பெரியகல்லாற்றில் ஒரே வளவுக்குள், நடுவே வேலி போட்ட இரண்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் நானும் என் சகலனும். மனைவியின் அக்காவுடைய கணவர் அவர். அவருக்கு வீட்டோடு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. எனக்கு உள்ளே டீசல் இஞ்சின் வைத்த பழைய படகு. வாவிக்கு அக்கரையிலிருந்து நெல்லும் செங்கல்லும் ஏற்றி வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிப் பார்க்க வருகிற ஆட்களையும் ஏற்றுவேன். வந்த நாளிலிருந்து அவரைப் போல ஒரு கூட்டாளி எனக்கு வேறு யாரும் இல்லை.

ஒரு கலியாண வீட்டுப் பந்தலில், இருபது பேர் நடுவில், வாசிகசாலைக்கு அவர் செய்து கொடுத்த இரும்புக் கேற் கோணல் என்று சொன்னேன். சும்மா பகிடிக்குத்தான். பந்தலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். மறுநாள் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் போகவில்லை. பகிடியைத் தாங்க முடியாத மனிசன் என்று வீட்டுக்குள்ளே இருந்து வீரம் பேசினேன். பதினாறு மாதம் ஓடிப்போயிற்று.

அவர் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை என்பதுதான் உண்மை. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பின்னேரங்களில் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து இருவரும் ஊரையே கிண்டலடிப்போம். இப்போது நான் தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். தனியாகக் கிண்டலடிக்க வருவதில்லை. அவர் திரும்ப என்னோடு கதைத்தால் போதும் என்று இருந்தது. ஆனால் முதலில் வாய் திறக்கிறவன் நானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துப் படகு தண்ணீருக்குள் நின்ற ஒரு கட்டையில் மோதி, அடியில் சுழலும் புரொப்பலரின் ஒரு இதழ் மடிந்துபோனது. கழற்றிக் கொண்டுபோய்த் தட்டி நிமிர்த்தினால் சரி. நாலு பேரைப் பிடித்துப் படகைக் கரையில் ஏற்றினேன். நட்டைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தேன். அது அசையவே இல்லை. பல வருடத்து உப்புத் தண்ணீர் அதை இஞ்சின் தண்டோடு தண்டாக ஒட்டி வைத்திருந்தது. சுத்தியலால் தட்டினேன், மண்ணெண்ணெய் ஊற்றினேன், தீ காட்டினேன், கடைசியில் திட்டினேன். கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தால் எங்கோ ஒரு வெள்ளைக்காரன் புல்லர் ஒன்றை மாட்டி இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டுச் சிரிக்கிறான். பெரிய சாமான் ஒன்றும் இல்லை. புரொப்பலருக்குப் பின்னால் ஒரு தகடு, தண்டின் நுனியில் ஒரு தகடு, இரண்டையும் இணைக்க இரண்டு நீளமான போல்ட். முறுக்க முறுக்கப் பின் தகடு புரொப்பலரை இழுத்துக்கொண்டு வரும்.

சகலனின் பட்டறை நாற்பது அடி தூரத்தில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டை இரும்பு இரண்டு துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, மட்டக்களப்பு டவுனையும் தாண்டித் தன்னாமுனைக்குப் போனேன். தெரிந்த ஒருவரின் பட்டறையில் ஓட்டை போடுவித்துக்கொண்டு வந்து மாட்டினேன். முறுக்கிய முதல் முறுக்கிலேயே இரும்பு வளைந்தது. புரொப்பலர் இருந்த இடத்தில் இருந்தது.

“இஞ்சபாருங்க, நான் அக்காட்டக் கேக்கிறன்” என்றாள் மனைவி.

“ஒருக்காலும் கேக்காத.”

“நான் உங்களுக்கு எண்டு கேக்கல்ல. படகுக்கு எண்டு கேக்கிறன்.”

எங்கள் சண்டை அக்காவையும் தங்கச்சியையும் தொட்டதே இல்லை. கறிக் கோப்பையும் தேங்காயும் வேலிக்கு மேலால் போய் வந்துகொண்டுதான் இருந்தன. அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் அக்காவோடு திரும்பி வந்தாள். பின்னால் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சகலன் வந்தார். நான் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

சாக்குக்குள் இருந்து வந்தது அசல் புல்லர். பின் தகடு லாடம் போல வாய் திறந்து, அரை அங்குலத் தடிப்பில் இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் தன் மனைவியிடம் சொன்னார்:

“நட்டைத் திருப்பிப் போடச் சொல்லு. முழுசா முறுக்க வேணாம், கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லு.”

“தங்கச்சி, நட்டைத் திருப்பிப் போடட்டாம்.”

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற என்னிடம் மனைவி சொன்னாள்: “நட்டைப் போடட்டாம்.”

“ஏன் எண்டு கேளு.”

“ஏனாம் அக்கா?”

“ஏனாம்? சொல்லுங்க.”

“கழண்ட உடன பாஞ்சு வந்து ஆள்ர நெஞ்சில அடிக்கும் எண்டு சொல்லு.”

நாலு பேரும் எல்லாவற்றையும் காது நிறையக் கேட்டுக்கொண்டுதான் நின்றோம். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் அக்காவிடம் போய், தங்கச்சியிடம் போய், பிறகுதான் வந்து சேர்ந்தது. பத்துச் சொல் இப்படிப் போய் வந்து, நட்டையும் புல்லரையும் மாட்டி முடிவதற்குள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அடுப்பில சோறு கிடக்குகா தங்கச்சி. ரெண்டு பேருக்கும் வாய் இல்லாட்டிக் கையால கதைக்கட்டும். நீ வா.”

இருவரும் போய்விட்டார்கள். கரையில் நாங்கள் இருவர்தான்.

அவர் ஒரு போல்டில் ஸ்பானரைப் போட்டார். நான் மற்றதில் போட்டேன். அவர் அரைச் சுற்று முறுக்கினார். நான் வீம்புக்கு ஒன்றரைச் சுற்று முறுக்கினேன். தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “ச்சு” என்று கையை நீட்டி என் போல்டைத் தளர்த்தினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஏறினால்தான் அது இழுக்கும். அவர் அரைச் சுற்று, நான் அரைச் சுற்று. அவருடைய கை நிற்கும்வரை என் கை காத்திருந்தது, என் கை நிற்கும்வரை அவருடையது. போல்ட் இறுகி இறுகி முனகத் தொடங்கியது. ஏதாவது விலகியிருக்கிறதா என்று நான் குனிந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன்.

“சகலன், தலைய எடு!”

நான் பின்னால் விழுந்தேன். வெடி போட்டது போல ஒரு சத்தம். புரொப்பலர் பாய்ந்து வந்து நட்டில் முட்டி நின்றது. ஆற்றில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

வெடிச் சத்தமெல்லாம் எனக்குக் காதில் ஏறவில்லை. அதற்கு முன்னால் வந்த அந்தச் சொல்தான் நின்றது. அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஸ்பானரைப் பிடித்தபடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எடுத்திட்டன், சகலன்” என்றேன், மண்ணில் கிடந்தபடியே.

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். வயிறு நோகும்வரை சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை. அகப்பையும் கையுமாக ஓடி வந்த பெண்கள் யாருக்கு அடி என்று தேடினார்கள்.

“அண்டைக்குக் கலியாண வீட்டில நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடா” என்றேன் அவர்களுக்கு முன்னாலேயே.

“விடு” என்றார்.

புல்லரைக் கழற்றித் துடைக்கும்போதுதான் கவனித்தேன். லாடத்தின் வாய் என் படகின் தண்டுக்கு மயிரிழை பிசகாமல் இருந்திருக்கிறது. போல்டின் நீளமும் அப்படித்தான். எதையும் நாங்கள் மாற்றிப் பார்க்கவே இல்லை.

“அளவெடுக்காம எப்பிடி இவ்வளவு சரியா வந்தது?”

“அளவெடுத்தனான். போன வரிசம் நீ படகுக்குப் பெயின்ற் அடிக்கக் கரையில ஏத்திப் போட்டு, உன்னிச்சைக்கு வேளாண்மை வெட்டுக்குப் போனாயே, அப்ப வந்து அளந்தனான். எண்டைக்கோ ஒரு நாள் கழட்டத்தானே வேணும்.”

“நாம கதைக்காம இருக்கக்குள்ளயா?”

“ஓம்.”

“பிறகு ஏன் தரல்ல?”

“நீ கேக்கல்லயே” என்றார். “துருப் பிடிச்சிரும் எண்டு மாசத்துக்கு ஒருக்காக் கிறீஸ் பூசி வச்சிருந்தன்.”

நான் அந்தத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பட்டறை வாசலைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் நான் கடைக்குப் போய் வந்திருக்கிறேன்.